அம்மன் கொடுத்த பூ

நாமகிரிப்பேட்டை
9-6-2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நீயும் தண்டாயுதபாணி தம்பியும் சுகம்தானே? அவருடைய முழங்கால் வலி தேவலையா? இங்கே தமிழரசு, மருமகள் தேவிப்ரியா, பேத்தி கனிஷ்கா எல்லோரும் சௌகரியமாக இருக்கிறோம்.

நீ அனுப்பிய ஜவ்வரிசி வடாம் வந்து சேர்ந்தது. ஒன்றுகூட நொறுங்கவில்லை. எண்ணெயில் போட்டால் பூவாக விரிகிறது. ஆத்தூரில் அத்தனை ஜவ்வரிசி ஆலை இருந்தும் உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆனால் பொட்டலத்தின்மேல் நாமகிரிப்பேட்டையில் ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டாய். தபால்காரர் பொன்னன் மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லிவிடலாம். காது மெஷின் வாங்கமாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடிப்பதால் நான் மையைச் செலவழிக்கிறேன். நீ பேசினால் பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிறது. மற்றவர் பேசுவதுதான் உனக்குக் கேட்பதில்லை. உன் அண்ணன் மனைவி என்பதால் நான் எழுதத்தான் முடியும். உன் அண்ணன் இருந்தால் காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பார்.

நல்ல செய்தி ஒன்று. கனிஷ்காவுக்கு ஜலகண்டாபுரத்தில் இடம் கூடி வருகிறது. பையன் பெயர் கலையரசன். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். அவன் அம்மா பிரபா கெட்டிக்காரி. பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் சமையலறைக்குள் நுழைந்து தண்ணீர்ப் பானையின் அடியில் அழுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எனக்கு வயிறு கொஞ்சம் உப்பிக்கொண்டிருக்கிறது. வயதுக்கோளாறு. தேவிப்ரியாதான் விடமாட்டேன் என்று வெள்ளிக்கிழமை சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பதில் எழுது.

உன் நங்கை,
உண்ணாமலை

*

ஆத்தூர்
17-6-2024

நங்கைக்கு சௌந்திரம் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது.

நாங்கள் இருவரும் நலம். இவர் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறந்துவிடுகிறது. கனிஷ்கா சேதி படித்து இவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

வயிறு உப்பல் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேனில் என்ன சொன்னார்கள்? நங்கை, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது வருடம் முன்னால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் நான். தமிழரசு அப்போது போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தான், மருமகளும் அவனோடு இருந்தாள். உங்கள் சிறுநீரகத்தில் வந்தது புற்று என்பது அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் கல் என்றோம், கல்லால் கெட்டுப்போனதால் எடுத்துவிட்டார்கள் என்றோம். நீங்கள் சொல்லச் சொன்னபடி நானும் சொன்னேன்.

ஊருக்குச் சொன்னது போகட்டும். டாக்டருக்கும் கல் என்று சொல்லிவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கும்,
சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
30-6-2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

உன் நலமும் தம்பியின் நலமும் அறிந்து மகிழ்ச்சி. இங்கே நான் தவிர மற்றவர்கள் நலம். என்னைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இடது சினைப்பையில் கட்டி இருக்கிறது. சாத்துக்குடி அளவு என்றார்கள். எடுத்துவிட வேண்டுமாம். டாக்டரின் பெயர் அன்பு. சின்னப் பெண். ஆனால் நேராகப் பேசுகிறாள், கையைக் கழுவிய பிறகே தொடுகிறாள். எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஸ்கேனைப் பார்த்து, “ஒரு கிட்னி இல்லையேம்மா, ஏன்?” என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் தேவிப்ரியா, “அது கல்லுங்க டாக்டர். அத்தைக்கு அப்பவே எடுத்துட்டாங்க” என்றாள். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நான் தலையசைத்தேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். பிரபா இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெருவில், மண்டியில், தேவிப்ரியாவின் பிறந்த வீட்டில் எல்லாம் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறாள். பெண் கொடுக்கும் வீட்டில் அந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். கனிஷ்கா அந்தப் பையனோடு போனில் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதை நான் கெடுக்கமாட்டேன். ஒன்பது வருடம் முன்னால் போனது போய்விட்டது. பழையதைக் கிளறுவதில் டாக்டருக்கு என்ன லாபம்?

உன் அண்ணன் தலையில் அடித்து நீ செய்த சத்தியம் நினைவிருக்கட்டும்.

உன் நங்கை,
உண்ணாமலை

*

ஆத்தூர்
4-7-2024

நங்கைக்கு சௌந்திரம் எழுதுவது.

சாத்துக்குடி என்று படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மற்றபடி நலம்.

சத்தியம் நினைவிருக்கிறது. அண்ணன் தலைமேல் கை வைத்துச் செய்தேன். சொன்னால் அந்தத் தலைக்கு ஆகாது என்றுதானே இத்தனை நாள் வாயைக் கட்டினேன்? அண்ணன் போய் ஐந்து வருடம் ஆகிறது. அந்தத் தலையே இல்லையே நங்கை. இனி அந்தச் சத்தியத்துக்கு யாரைப் பிடிக்க உரிமை இருக்கிறது?

நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நான் வாரேன்.

சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
8-7-2024

சௌந்திரத்துக்கு,

எல்லோரும் நலம். வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். நீ வர வேண்டாம். தம்பியின் முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன் தலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. இனி என் தலைமேல் சத்தியம். இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்தாலே சத்தியம் செய்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உனக்கு உண்டு. அது போதும்.

உண்ணாமலை

*

சேலம்
4-8-2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

கடவுள் புண்ணியத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோடு கொஞ்சம் கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். உங்கள் இருவரின் சுகத்துக்கு எழுது.

கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தமிழரசு ஒரு வீடு பிடித்திருக்கிறான். நன்றி சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? மாரக்காள் என்று ஒரு நர்ஸ், படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட இழுத்துவிட்டுத்தான் போவாள். நான் படித்த கான்வென்ட்டில் அவளும் படித்திருந்தால் கன்னியாஸ்திரீகள் அவளுக்குத்தான் எல்லாப் பரிசையும் கொடுத்திருப்பார்கள். தேவிப்ரியா எனக்குத் தலை சீவிவிடுகிறாள். வகிடு நேராக வருவதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை. பிரபா இரண்டு முறை ஜலகண்டாபுரத்திலிருந்து வந்துவிட்டாள். “வயசானா கர்ப்பப்பை எடுக்கறது எல்லா ஊட்லயும் நடக்கறதுதானுங்க” என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

எடுத்த கட்டியைச் சோதித்தார்கள். அது புற்றுதான். தமிழரசு அதைப் பிரபா வீட்டுக்குச் சொல்லவில்லை. செல்கள் கண்ணாடி மாதிரித் தெரிகின்றனவாம். சினைப்பையிலேயே உண்டானதா, வேறு இடத்திலிருந்து வந்து ஒட்டியதா என்று டாக்டர் அன்புவுக்குச் சந்தேகம். “இதுக்கு முன்னாடி உடம்புல வேற எங்கயாவது இது வந்திருக்காம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

தமிழரசு, “இல்லீங்க” என்றான்.

பதினான்காம் தேதி கீமோ ஆரம்பிக்கிறார்கள், சினைப்பைக்கு உண்டான மருந்து. முடி போய்விடும். போகட்டும், ஆவணி நிச்சயத்துக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறேன்.

நீ எனக்கு ஒரு மாதமாக எழுதவில்லை. படித்து முடித்துவிட்டாய் என்று புரிகிறது.

உன் நங்கை,
உண்ணாமலை

*

ஆத்தூர்
20-8-2024

நங்கைக்கு சௌந்திரம் காலில் விழுந்து எழுதிக்கொண்டது.

உடம்பு எப்படி இருக்கிறது? வேறு சோதனை செய்யப்போவதாக டாக்டரம்மா காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். அது முடிந்ததா?

நான் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. சத்தமாகச் சொன்னதற்குத்தான் வருத்தம்.

வேண்டுமென்று செய்யவில்லை நங்கை. டாக்டரம்மா வராந்தாவில் வந்தபோது ஓரமாக நிறுத்தி, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் சம்பந்தியம்மா மாதுளம்பழப் பையோடு நின்றிருந்தார்கள். அறைக்குள் உங்கள் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சத்தியத்தை மீறினால் உங்கள் தலைக்கு ஆகாது என்று பயந்து ஒரு மாதம் கிடந்தேன். கடைசியில் எங்கள் மாரியம்மனிடம் பூக் கேட்டேன். பூசாரி செவ்வரளி ஒரு பொட்டலம், நந்தியாவட்டை ஒரு பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் சத்தியம் கழிந்தது, சொல்லலாம். சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வெள்ளை வந்தது. அதனால் உங்கள் தலைக்கு ஒன்றும் ஆகாது. தைரியமாக இருங்கள். அந்தத் தைரியத்தில்தான் பஸ் ஏறினேன்.

கனிஷ்காவின் கல்யாணத்தை நான் கெடுத்திருந்தால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

சௌந்திரம்

*

ஆத்தூர்
15-9-2024

நங்கைக்கு சௌந்திரம் எழுதுவது.

இங்கே நலம். அங்கே நலமா என்று தெரியவில்லை. ஆவணி முடியப்போகிறது, நிச்சயத்துக்கு அழைப்பும் வரவில்லை. நான் கேட்கவும் கூடாது.

மிளகுத்தூள் போட்ட வடாம் அனுப்பினேன். பார்சல் திரும்பி வரவில்லை. எனக்கு அதுவே போதும்.

சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
6-10-2024

என் பிரியமுள்ள சௌந்திரத்துக்கு,

நீயும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இத்தனை நாள் எழுதவில்லை. எழுதாமல் இல்லை, எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியவை எல்லாம் உன்னைத் திட்டி. பிறகு எழுதியவற்றில் திட்டு குறைந்துகொண்டே வந்தது. இதில் ஒன்றும் மிச்சமில்லை.

நீ மெதுவாகச் சொன்னது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். “எங்க நங்கைக்குக் கல்லுமில்ல ஒண்ணுமில்லீங்க டாக்டரே! கேன்சருங்க! கிட்னியில கேன்சருங்க! நான்தான் கூட இருந்தேனுங்க!” கீழே மருந்துக்கடையில் நின்றிருந்த தமிழரசு மாத்திரைச் சீட்டை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்தான். மாரக்காளின் கையிலிருந்து தட்டு விழுந்தது. பிரபா பழப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

டாக்டர் அன்பு மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “இன்னிக்கு மருந்து ஏத்த வேண்டாம்மா” என்றாள்.

கோயமுத்தூரிலிருந்து பழைய விவரங்களை வாங்கினார்கள். எடுத்த கட்டிக்கு வேறு சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். அது சினைப்பையில் பிறந்தது இல்லை. சிறுநீரகத்துப் புற்றுதான், இத்தனை வருடம் எங்கோ ஒளிந்திருந்து சினைப்பையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அரிதாக அப்படி நடக்குமாம். “அந்தக் கீமோ குடுத்திருந்தா உங்க உடம்புதாம்மா ஓஞ்சு போயிருக்கும். நோய் பாட்டுக்கு இருந்திருக்கும்” என்றாள். இப்போது தினம் மாத்திரை சாப்பிடுகிறேன். நாக்கில் ருசி இல்லை, உள்ளங்கை எரிகிறது. முடி போகவில்லை. முழுக்கப் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. அடக்கி வைக்கலாம் என்கிறாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரியும் என்று நம்பி அப்படிச் சொன்னாளே, அதற்கும் நன்றியோடு இருக்கிறேன்.

பிரபாவிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. நிச்சயத் தேதி தானாகக் கடந்து போனது. தேவிப்ரியா சமையலறையில் அழுதாள், என்முன் அழவில்லை. நான் கனிஷ்காவைக் கூப்பிட்டு, “உன் வாழ்க்கையை நான் கெடுத்துட்டேன் சாமி” என்றேன். அவள், “அந்த ஊடு போனாப் போகுது அப்பத்தா. ஊட்டுக்கென்ன, இன்னொண்ணு வரும். கல்லுன்னு சொல்லிச் சொல்லி நீங்க போயிருந்தா எங்க போயி நான் இன்னொண்ணு தேடறது?” என்றாள். அன்றுதான் உன்னைத் திட்டுவதை நிறுத்தினேன்.

போன வாரம் பிரபா தனியாக பஸ்ஸில் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“ஏனுங்கம்மா, இது பரம்பரையா வருமான்னு அந்த டாக்டரம்மாகிட்டயே போயிக் கேட்டுப்போட்டனுங்க. பொதுவா அப்படி வராது, ரொம்பச் சில குடும்பத்துலதான்னாங்க. சந்தேகம்னா சோதிச்சுப் பாக்கலாம்னாங்க. கண்ணாலம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சிருந்தா உங்க வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன். முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. இனி எதை வெச்சுச் சண்ட போடறது?”

நான் எழுந்து நின்றேன். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

தேவிப்ரியா உன் கடிதத்தை எடுத்து அவளுக்குக் காட்டினாள், பூக் கேட்ட கடிதத்தை. பிரபா படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மனே வெள்ளைப் பூ குடுத்துச் சொல்லச் சொல்லியிருக்குது. அதுக்கு மேல நான் யாருங்க? ஆனா ஒண்ணு. அந்த ஆத்தூரம்மா கண்ணாலத்துல முன்வரிசையில உக்காரோணும். பொய் சொல்லத் தெரியாத மனுசி உங்க வம்சத்துல அவிய ஒருத்திதான்.”

தை மாதம் கல்யாணம். முன்வரிசையில் உட்காருவாய். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வா, அந்தப் பாசிப்பச்சை வேண்டாம்.

வடாம் தீர்ந்துவிட்டது. ருசி தெரியாமலே தின்றேன்.

என்றும் உன் நங்கை,
உண்ணாமலை

*

ஆத்தூர்
14-10-2024

நங்கைக்கு சௌந்திரம் ஆனந்தக் கண்ணீரோடு எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை இவர் படித்துக் காட்டினார். ஆமாம், எனக்குக் கேட்டது. சேலத்திலிருந்து வந்த மறுவாரமே காது மெஷின் வாங்கிவிட்டேன். முதலில் கேட்டது என் குரல்தான். நானே பயந்து போனேன். இத்தனை வருடம் இவர் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று கேட்டேன். “பழகிப்போச்சு” என்றார். இனி நீங்கள் போனிலேயே பேசலாம்.

ஆனால் இதைப் போனில் சொல்ல முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். சம்பந்தியம்மா என்னைப் பொய் தெரியாதவள் என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை.

நங்கை, அன்று வந்தது வெள்ளைப் பூ இல்லை. சிவப்பு.

பூசாரி தப்பாக எடுத்துவிட்டார் என்று மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சிவப்பு. இன்னொரு முறை கேட்கலாமா என்றேன், பூசாரி முறைத்தார். நான் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம், “தாயே, நீ சொல்றதை அப்புறம் கேட்டுக்கறேன். பத்து மணி பஸ்ஸை விட்டா நங்கைக்கு மருந்து ஏத்திப்போடுவாங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்கள் தலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, எதுவானாலும் என் தலைக்கு வரட்டும் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் பயப்படக் கூடாதென்றுதான் வெள்ளை என்று எழுதினேன். அது கல்யாணம்வரை போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சம்பந்தியம்மாவிடம் நான் சொல்லிவிடட்டுமா?

உங்கள்,
சௌந்திரம்

*

நாமகிரிப்பேட்டை
19-10-2024

என் பிரியமுள்ள சௌந்திரத்துக்கு,

நான் நலம். நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக எங்கும் இல்லை. டாக்டர் அன்பு சிரித்தாள். தம்பியின் முழங்காலுக்கு அவளிடம் ஒரு தைலம் கேட்டேன். அதெல்லாம் தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கு அதுவும் பிடித்தது.

உன் கடிதத்தில் நிறையப் பிழைகள். திருத்தலாம் என்று சிவப்பு மையை எடுத்தேன், மூடி வைத்துவிட்டேன்.

மெஷின் வாங்கியது நல்ல காரியம். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வா. என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் கழற்றிப் பையில் வைத்துவிடு. அங்கே உன் பழைய குரல்தான் எனக்கு வேண்டும். போனில் பேசுவேன், ஆனால் கடிதத்தை நிறுத்தாதே. எனக்குச் சில விஷயங்கள் வாயால் வராது என்று உனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது.

உன் மாரியம்மனுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை தெளிவாகச் சொல்லியும் நீ கேட்காமல் போனதை அவள் பொறுத்துக்கொண்டாளே, அதற்கு. தை பிறந்ததும் நாம் இருவரும் சேர்ந்து போய்ச் சாத்திவிட்டு வரலாம்.

சிவப்புப் பூ வந்தது என்று பிரபாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. மெதுவாகச் சொல்லவே சொல்லாதே.

இந்த முறை உன்னிடம் சத்தியம் கேட்கமாட்டேன். நீ என் தலையைக் காப்பாற்றுவாய், சத்தியத்தைக் காப்பாற்றமாட்டாய்.

உன் நங்கை,
உண்ணாமலை